‘ஆ... வந்து... ஆக்சுவலா...’ எண்ணுவதற்கும் ஓர் ஆள்! பேச்சு கிளப் கூட்டத்தில் என்ன நடக்கிறது?

“கடைசியா நீங்க காசு கொடுத்து வாங்கின பொருளை எங்ககிட்ட விற்றுக் காட்டுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிஷம்.”

சென்னையில் ஒரு சனிக்கிழமை மாலை. சமுதாயக் கூடம் ஒன்றின் மாடி அறை. இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சத்தம் போடும் மின்விசிறி. முன்னால் நின்ற இளைஞருக்கு 24 வயது இருக்கும். ஐ.டி. வேலை. அறைத்தோழர் இழுத்து வந்ததால் வந்தவர். ‘விருந்தினர் யாராவது பேச வர்றீங்களா?’ என்று கேட்டபோது, தோழர் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதனால்தான் இப்போது அங்கே நிற்கிறார்.

“ஹெல்மெட்” என்று ஆரம்பித்தார். “போன வாரம் ஹெல்மெட் வாங்கினேன். நல்ல ஹெல்மெட். ஆ... வந்து... நல்லா இருக்கும்.”

அவ்வளவுதான். வண்டி நின்றுவிட்டது. கண் மின்விசிறிக்குப் போனது, அங்கிருந்து தரைக்கு வந்தது. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஆனால் அறையில் யாரும் செருமவில்லை. போனை எடுக்கவில்லை. அடி எடுத்துக்கொடுக்கவும் இல்லை. சும்மா காத்திருந்தார்கள்.

“ஹெல்மெட்ல பெரிய வசதி என்னன்னா... உள்ளே இருக்கிற மூஞ்சி யாருக்கும் தெரியாது. இப்ப ஒண்ணு கிடைச்சா உடனே போட்டுக்குவேன்.”

அறை குபீரென்று சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டார். 52 விநாடி. ஒரு நிமிடமாவது பேசியிருந்தால்தான் ‘சிறந்த பேச்சாளர்’ ஓட்டெடுப்பில் பெயர் வரும். எட்டு விநாடியில் போச்சு.

பெரிய நகரங்களில் வார இறுதி நாட்களிலும், ஐ.டி. நிறுவன வளாகங்களில் வேலை முடிந்த பிறகும் இப்படிச் சின்னச் சின்னக் கூட்டங்கள் நடக்கின்றன. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பெயரை லிங்க்ட்இன்னில் யாருடைய பக்கத்திலாவது பார்த்திருப்பீர்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?

பிரெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

விருந்துகளில் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்ல ஒவ்வொருவராக அழைக்கும் ஆளுக்கு ஆங்கிலத்தில் டோஸ்ட்மாஸ்டர் என்று பெயர். அந்தப் பெயரைப் பிடித்தவர் ரால்ஃப் ஸ்மெட்லி என்ற அமெரிக்கர். ஒய்.எம்.சி.ஏ.வில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அங்கே வரும் இளைஞர்களுக்குக் கோர்வையாக நாலு வார்த்தை பேசவும், ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும் தெரியவில்லை என்று கவனித்தார். 1905-ல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் முதல் முயற்சி. அவர் ஊர் மாறியதும் அது மங்கிவிட்டது. பிறகு 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில் மறுபடி தொடங்கினார். இந்த முறை நிலைத்துவிட்டது. இன்றைக்கு 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் கிளப்கள் இருக்கின்றன.

ஒரு தகவலைச் சொல்லாமல் விடக் கூடாது. 1973 வரை பெண்கள் இதில் அதிகாரபூர்வமாக உறுப்பினராக முடியாது. எல்லாருக்கும் குரல் கொடுப்பதாகச் சொல்லும் அமைப்புக்கே அதை உணர அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. நான் போன கூட்டத்தில் தலைவர் ஒரு பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. மேடைக்கும் நாற்காலிக்கும் நடந்து நடந்து, எல்லாரையும் விட வேகமாக வேலை பார்த்தது அவர்தான்.

ஆசிரியர் இல்லாத வகுப்பு

இது கோச்சிங் சென்டர் இல்லை. முன்னால் நின்று பாடம் நடத்தும் ‘சார்’ கிடையாது. வருகிறவர்களே வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் நிகழ்ச்சியை நடத்துகிறார். ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுகிறார். ஒருவர் மொழியைக் கவனிக்கிறார். நல்ல வாக்கியத்தையும் கேட்கச் சகிக்காத வாக்கியத்தையும் குறித்துவைப்பது இவர் வேலை. ஒருவரோ நீங்கள் ‘ஆ’, ‘ம்’, ‘வந்து’, ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலி’, ‘சோ’ என்று எத்தனை முறை இழுத்தீர்கள் என்று கோடு போட்டு எண்ணுகிறார். ‘ஆ கவுன்ட்டர்’ என்றே இவருக்குப் பெயர்.

கூட்டத்துக்கு ஓர் ‘இன்றைய சொல்’ உண்டு. பேசுகிறவர்கள் அதை எங்காவது நுழைக்க வேண்டும். அன்றைய சொல், ‘எத்தனி’. பாவம், அந்தச் சொல் பட்ட பாடு! ஒருவர் காலையில் எழுந்திருக்க எத்தனித்தார். இன்னொருவர் பார்க்கிங் பிடிக்க எத்தனித்தார். கடைசியில் ஒருவர், “டீ குடிக்க எத்தனித்தேன், ஆறிப்போயிருந்தது, அதனால் எத்தனிப்பதை நிறுத்திக்கொண்டேன்” என்று மூச்சுவிடாமல் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார்.

முதல் பகுதி, தயாரித்து வந்து பேசுவது. பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். புதிதாகச் சேர்ந்தவரின் முதல் பேச்சு ‘ஐஸ்பிரேக்கர்’, 4 முதல் 6 நிமிடம், தலைப்பு அவரேதான். அடுத்தது ‘டேபிள் டாபிக்ஸ்’. கேள்வியை அந்த நிமிடம்தான் சொல்வார்கள், உடனே பேச வேண்டும். ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. ஹெல்மெட் தம்பி மாட்டியது இதில்தான்.

அவருக்கு முன்னால் போன ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கு வந்த கேள்வி: ‘உங்கள் வீட்டு மிக்சி பேசினால்?’ மனிதர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “முப்பது வருஷமா இந்த வீட்ல சட்னி அரைக்கிறேன். ஒரு நாள்கூட இந்த ஆள் என் பட்டனைத் தொட்டதில்ல. ரிட்டயர் ஆனதும் தொட்டாரு. மூடியைப் போடாம தொட்டாரு!” சுவரெல்லாம் தேங்காய்ச் சட்னி வழிந்த கதையை அவர் முடிப்பதற்குள், பக்கத்து அறையில் யோகா செய்துகொண்டிருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

வேலை பார்த்தது ஒருத்தர், பேசினது வேற ஒருத்தர்

அன்று ஐஸ்பிரேக்கர் பேச வந்தவர் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டிங் பொறியாளர். முப்பதைத் தொடும் வயது. கையில் நான்காக மடித்த தாள். தமிழில் ஆரம்பித்து, பாதியில் ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கே வந்தார். இரு மொழியிலும் நடக்கும் கிளப் என்பதால் அதில் தவறில்லை.

ஊர், படிப்பு, அம்மாவின் தையல் மெஷின் என்று போன பேச்சு, மூன்றாவது நிமிடத்தில் ஓர் இடத்தில் வந்து நின்றது. “போன வருஷம் நாலு மாசம் உட்கார்ந்து ஒரு டூல் பண்ணேன். கிளையன்ட் காலுக்கு முதல் நாள், ‘நீ பேசுவியா?’ன்னு கேட்டாங்க. ‘இல்ல, அவரையே பேசச் சொல்லுங்க’ன்னு பக்கத்து சீட் ஆளைக் காட்டினேன். அவர் பேசினார். நல்லாவே பேசினார். அதுக்கப்புறம் அது அவரோட டூல் ஆயிடுச்சு. அவர் திருடல. நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.”

அறையில் அசைவே இல்லை. பலருக்கும் அவரவர் கதை ஞாபகம் வந்திருக்கும். டீம் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, சொல்ல வந்ததை சாட்டில் தட்டி, அதையும் அழித்துவிட்ட அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

வேடிக்கை என்னவென்றால், மேடைப் பேச்சுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. அண்ணாவின் பேச்சைக் கேட்க விடிய விடியக் காத்திருந்த தலைமுறை இருந்தது. இன்றும் பண்டிகை என்றால் டிவியில் பட்டிமன்றம் உண்டு. வள்ளுவர் ‘அவையறிதல்’ முடித்த கையோடு ‘அவையஞ்சாமை’ என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் நம்மில் பெரும்பாலானோருக்குக் கிடைத்த பயிற்சி, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மட்டும்தான். தமிழ் ஐயா எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து, ‘அவையோர்க்கு என் பணிவான வணக்கம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்து, நடுவில் ஒரு வரி மறந்தால் அழுதுகொண்டே இறங்கி வருவோமே, அதேதான். சொந்தமாக யோசித்ததைச் சொந்த வார்த்தையில், இரண்டு நிமிடம், பத்துப் பேர் முன்னால் சொல்லிப் பார்க்க நமக்கு இடமே இருந்ததில்லை. நாம் நல்ல ரசிகர்களாக வளர்ந்துவிட்டோம்.

உடம்பு ஏன் இப்படி உதறுகிறது?

மனிதர்களுக்கு மன அழுத்தம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஆராய, முதலில் ஆய்வகத்திலேயே அழுத்தத்தை வரவழைக்க வேண்டும். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-ல் அதற்கு ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன்னால் 5 நிமிடம் பேசச் சொன்னார்கள். அடுத்து, 1,022-லிருந்து 13, 13-ஆக வாய்விட்டுக் கழிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். கார்டிசால் என்னும் ஹார்மோன் கிடுகிடுவென ஏறியது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றைக்கும் இந்த முறை பயன்பாட்டில் இருக்கிறது. ஆகவே, மைக்கைப் பார்த்ததும் தொண்டை வறண்டால் உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை. அது எல்லா உடம்பும் செய்கிற வேலை.

இந்தச் சோதனையில் குழுவினரின் முகத்தில் உணர்ச்சி இருக்கக் கூடாது என்பது முக்கியமான விதி. கிளப் செய்வது இதற்கு நேர் எதிரானது. பேசப் போகும்போதும் கைத்தட்டல், வரும்போதும் கைத்தட்டல். ஒருவர் வந்து கைகுலுக்கி மேடையை ஒப்படைக்காமல் இன்னொருவர் இறங்குவதில்லை. மேடை காலியாகவே இருப்பதில்லை. முதல் தடவை பார்க்கும்போது, ‘என்னடா இது, ஒவ்வொண்ணுக்கும் தட்டிக்கிட்டே இருக்காங்க’ என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஹெல்மெட் தம்பி நின்ற அந்த நேரத்தில்தான் அது எதற்கு என்று புரிந்தது.

இன்னொரு ஆய்வும் இங்கே பொருந்துகிறது. நம் பதற்றம் அப்படியே வெளியே தெரிகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கேட்பவர்களுக்கு அது அந்த அளவுக்குப் போய்ச் சேருவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ நினைக்கும் அளவுக்கு உன் பதற்றம் யாருக்கும் தெரியாது’ என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்டவர்கள், மற்றவர்களைவிட நன்றாகப் பேசியிருக்கிறார்கள். வேறு எந்தப் பயிற்சியும் இல்லை, இந்தத் தகவல் மட்டும்தான்.

பேசுவதைவிடக் கஷ்டமானது

தயாரித்துப் பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர் எழுந்து 2 முதல் 3 நிமிடம், எல்லார் முன்னிலையிலும், எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று சொல்ல வேண்டும். என் கணக்கில் இந்தக் கூட்டத்தின் உயிர் இந்தப் பகுதிதான். நம் வீட்டிலும் ஆபீசிலும் விமர்சனம் என்றால் இரண்டே வகை. ஒன்று ‘சூப்பர்’. இல்லாவிட்டால் திட்டு. நடுவில் ஒன்று இருக்கிறது என்பதே நமக்குப் பழக்கமில்லை.

டெஸ்டிங் பொறியாளரின் பேச்சை மதிப்பிட்டவர் அதே மிக்சி சார்தான். சிரிக்க வைத்த மனிதர் இப்போது வேறு ஆளாக இருந்தார். கையில் சின்ன நோட்டு. “அம்மா, உங்க டூல் கதையை நீங்க சொன்ன விதம் ரொம்ப நேர்மையா இருந்துச்சு. யாரையும் குத்தம் சொல்லல. அதை மாத்தாதீங்க. ஆனா ஒண்ணு. இந்த ஆறு நிமிஷத்துல நீங்க மூணு தடவை மன்னிப்பு கேட்டீங்க. ஆரம்பத்துல, ‘எனக்குப் பேச வராது, சாரி’ன்னீங்க. தாளைப் பார்த்தப்ப ஒரு சாரி. முடிக்கும்போது ‘தேங்க் யூ’ன்னு சொல்ல வேண்டிய இடத்துல ஒரு சாரி. எங்ககிட்ட நீங்க என்ன தப்பு பண்ணீங்க?”

அந்தப் பெண் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். “அடுத்த பேச்சுல உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். சாரி வர்ற இடத்துல நிறுத்துங்க. மூச்சு விடுங்க. அடுத்த வரிக்குப் போங்க” என்றார் அவர்.

‘இன்னும் தன்னம்பிக்கையோடு பேசுங்கள்’ என்று மொட்டையாகச் சொல்லியிருந்தால் அவர் வீட்டுக்கு எதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்? இப்போது அவரிடம் ஓர் எண் இருக்கிறது: மூன்று. அதை இரண்டாக்கலாம், பூஜ்யமாக்கலாம்.

கதை இத்தோடு முடியவில்லை. மதிப்பீட்டாளர்களையும் மதிப்பிட ஒரு பொது மதிப்பீட்டாளர் இருக்கிறார். அன்று அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஒரு கல்லூரி மாணவி. “சார், உங்க மதிப்பீடு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா 3 நிமிஷம் 50 செகண்ட். சிவப்பு அட்டையை நீங்க பார்க்கவே இல்ல” என்று சொன்னார். நாற்பது வயது மூத்தவர் எழுந்து, “சாரி” என்றார். அறை மறுபடி சிரித்தது. டெஸ்டிங் பொறியாளர்தான் முதலில் சிரித்தார்.

ஆ கவுன்ட்டர் அறிக்கையும் வந்தது. ஹெல்மெட் தம்பியின் கணக்கில் நான்கு ‘ஆ’, மூன்று ‘வந்து’. “நடுவுல அமைதியா நின்னீங்களே, அது எவ்வளவு நேரம்னு நினைக்கிறீங்க?” என்று அவர் கேட்டார். தம்பி யோசித்தார். “ஒரு அரை நிமிஷம்?” “ஆறு செகண்ட்.” தம்பி நம்பவில்லை. திரும்பித் தன் தோழரைப் பார்த்தார். அவரும் தலையாட்டினார்.

குறைகளே இல்லையா?

இருக்கின்றன. எல்லாக் கிளப்பிலும் மிக்சி சார் இருப்பதில்லை. சில இடங்களில் மதிப்பீடு வெறும் பாராட்டு மடலாகிவிடுகிறது. பட்டங்களையும் படிநிலைகளையும் துரத்துகிற ஆர்வத்தில் பேச்சு பின்னால் போய்விடுவதும் உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி கையை விரித்து, ஒரே மாதிரி ஏற்ற இறக்கத்தில் பேசுகிற வார்ப்புத்தன்மையும் வந்துவிடுகிறது. ஆங்கிலம் மட்டுமே பேசும் கிளப்பில், தமிழ் வழியில் படித்தவருக்குப் பயம் இரண்டு மடங்கு. மேடைக்கு ஒன்று, கிராமருக்கு ஒன்று. நல்ல செய்தி, தமிழ் கிளப்களும் இருமொழி கிளப்களும் இருக்கின்றன. ‘பாத்வேஸ்’ என்ற இவர்களின் பாடத்திட்டம் கிடைக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று.

‘ஆ’ எண்ணும் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன கருத்து வேறுபாடும் உண்டு. ‘ஆ’, ‘ம்’ எல்லாம் வெறும் குப்பை இல்லை. ‘கொஞ்சம் பொறு, இன்னும் சொல்ல இருக்கிறது’ என்று கேட்பவருக்குத் தரும் சமிக்ஞை என்று ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற ஆய்வாளர்கள் 2002-லேயே எழுதியிருக்கிறார்கள். நான்கு ‘வந்து’ வந்தால் உலகம் இடிந்துவிடாது. நாற்பது வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பேச்சில் திக்கல் இருப்பவர்கள், ‘இது நமக்கானது இல்லை’ என்று ஒதுங்க வேண்டாம். டோஸ்ட்மாஸ்டர்ஸின் உலகப் பேச்சுப் போட்டியில் 2015-ல் வென்ற சவூதி அரேபியாவின் முகமது கஹ்தானி, சிறு வயதில் திக்கலோடு போராடியவர். அதற்கு முந்தைய ஆண்டு வென்றவர் நமக்குப் பக்கத்து நாட்டுக்காரர், இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி.

போய்ப் பார்க்க நினைத்தால்

விருந்தினராகப் போகப் பொதுவாகக் கட்டணம் இல்லை. டோஸ்ட்மாஸ்டர்ஸ் இணையதளத்தில் உங்கள் ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் பக்கத்தில் இருக்கும் கிளப்கள் வரும். ஆன்லைனில் நடப்பவையும் உண்டு. உறுப்பினரானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சந்தா. அது டாலரில் நிர்ணயிக்கப்படுவதால் கொஞ்சம் கடிக்கும். உங்கள் நிறுவனம் அதை ஏற்குமா என்று எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே கிளப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம், இரண்டு மூன்று இடம் போய்ப் பாருங்கள். மதிப்பீட்டுப் பகுதியில் காதைக் கூர்மையாக வையுங்கள். ‘அருமை, சிறப்பு’ மட்டும்தான் வருகிறது என்றால் அடுத்த கிளப்.

ஊரில் கிளப்பே இல்லையா? ஆறு நண்பர்கள், ஒரு போனில் ஸ்டாப்வாட்ச், துண்டுச் சீட்டில் பத்துக் கேள்விகள் போதும். ஒருவர் பேச, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் கேட்டு மதிப்பிட. ஸ்மெட்லியும் கிட்டத்தட்ட இதை வைத்துத்தான் ஆரம்பித்தார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கீழே டீக்கடைக்கு வந்தார்கள். ஹெல்மெட் தம்பி கிளாஸை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அடுத்த வாரத்துக்குப் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்த தலைவர் அவர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அடுத்த வாரம் நேரம் பார்க்கிற வேலை எடுத்துக்கிறீங்களா?”

“பேசணுமாக்கா?”

“ரெண்டே வரி. எந்த அட்டை எப்ப காட்டுவீங்கன்னு சொல்லணும். கடைசியில, யார் எவ்வளவு நேரம் பேசினாங்கன்னு படிக்கணும்.”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். எத்தனை விநாடி யோசித்தார் என்று நான் எண்ணவில்லை.

“ரெண்டு வரிதானே?” என்றார்.